இணைச்சீர் அன்றைக்குப் பரீட்சை

கல்யாண வீட்டிலிருந்து மண்டபத்துக்கு என்னென்னவோ எடுத்துப் போவார்கள். அண்டா, ஜமுக்காளம், குத்துவிளக்கு, வாழைத்தார். என் தம்பி தம்பிதுரை எங்கள் வீட்டு டெலிபோனைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். கல்யாண மாப்பிள்ளையே அவன்தான். மறுநாள் விடிந்தால் முகூர்த்தம். புது வேட்டி மடிப்புக் கலையாமல், கக்கத்தில் டெலிபோனை இடுக்கிக்கொண்டு வேனில் ஏறினான்.

"அது எதுக்கு கண்ணு?" என்று அம்மா கேட்டாள்.

"அங்க வேணுமுங்கம்மா."

அந்த மண்டபத்தில் டெலிபோன் லைனே கிடையாது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று பத்து மணிக்கு நான் பரீட்சை எழுதிவிடக் கூடாது என்றுதான் அந்தக் கருவியைத் தூக்கிப்போனான். வாசலில் நின்று அவனுக்குக் கையசைத்தேன். சிரிப்பை அடக்குவதற்குத்தான் சிரமமாக இருந்தது.

இது தொண்ணூற்றொன்பதில், ஆவணி மாதம், சூலூரில் நடந்தது. என் பெயர் தெய்வாத்தாள். அப்போது முப்பத்திரண்டு வயது. நாலு வருஷமாக அம்மா வீட்டில் இருந்தேன். அவிநாசியில் என்னைக் கட்டிக்கொண்ட கிட்டுசாமி, வாயில் பதில் வராதபோதெல்லாம் கையால் பதில் சொல்கிற ஆள். ஒருநாள் உதட்டில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். வந்த வீட்டில் அப்பா இல்லை. தறி, நூல், கூலி, கடன் எல்லாம் தம்பி தலையில். அதனால் அவனை முழுக்கக் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். கால்வாசி சொல்லலாம்.

தறிக்கணக்குப் பார்க்கவென்று அவன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். வந்த அன்றைக்குத் திரையில் மூன்று சந்தனப்பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினோம். அதற்குப்பிறகு அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, கணக்கை வழக்கம்போலப் பேரேட்டிலேயே எழுதினான். ஆயுத பூஜைக்கு மட்டும் துண்டை எடுப்பார்கள். நான் ஒருநாள் துண்டை எடுத்துக் கொடியில் காயப்போட்டேன், மறுபடி போர்த்தவேயில்லை.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அப்போது ஏற்றுமதிக் காகிதம் எழுதத் தெரிந்தவர்களுக்குத் தட்டுப்பாடு. பனியன் தைக்க ஆள் உண்டு. அது கப்பலேறி ஜெர்மனி போய்ச் சேர்ந்து பணம் வருவதற்கு வேண்டிய காகிதங்களைப் பிழையில்லாமல் எழுத ஆள் இல்லை. அதற்கு ஒரு டிப்ளமோ இருந்தது. அதுவும் இன்டர்நெட்டிலேயே பாடம். வாரத்தில் மூன்று நாள் பதினோரு மணிக்குத் திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். ஆசிரியர் தட்டச்சு செய்வார், நாங்கள் ஏழு பேர் ஏழு ஊரிலிருந்து பதில் தட்டுவோம். வீட்டுப்பாடம் மின்னஞ்சலில் போகும், திருத்தி வரும். என் வளையல் இரண்டை விற்றுச் சேர்ந்தேன். சான்றிதழோடு வந்தால் உடனே சேர்த்துக்கொள்வதாக ஒரு திருப்பூர் கம்பெனி சொல்லியிருந்தது. அந்த வேலைதான் எனக்கு அவிநாசிக்குப் போகாமலிருக்க இருந்த ஒரே வழி.

ஆசிரியர் பெயர் யாஸ்மின். எனக்கு யாஸ்மின் மேடம். முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார். என் முதல் வீட்டுப்பாடத்தைத் திருப்பி அனுப்பியபோது, "உங்கள் சரக்கு கப்பலேறிவிட்டது. உங்கள் பணம் ஏறவில்லை. மறுபடி எழுதுங்கள்" என்று அடித்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, தடித்த கண்ணாடி, கையில் பிரம்பு என்று நானாக ஒரு மேடத்தை மனதில் உட்காரவைத்துப் பயந்துகொண்டிருந்தேன். பயந்ததில்தான் படிப்பு ஏறியது.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது சனி பிடித்தது. பெண் வீட்டார் காங்கேயத்துக்காரர்கள். பெண்ணின் அப்பா, "அக்கா எங்கிங்க வாழ்றாங்க?" என்று கேட்டிருக்கிறார். இவன் யோசிக்காமல், "அவிநாசிங்க, மச்சான் நூல் வியாபாரம்" என்று சொல்லிவிட்டான். பொய் சொன்னவன் அதை அப்படியே விட்டிருக்கலாம். இவன் அதை நிஜமாக்கப் புறப்பட்டான். கிட்டுசாமியைப் போய்ப் பார்த்தான், வேட்டி துண்டு வாங்கிக் கொடுத்தான், கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்காரச் சொன்னான், முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னான். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. என் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துத்தான் எனக்கே விஷயம் தெரிந்தது.

"நான் போகமாட்டேன்" என்றேன்.

"ஒரு மாசம் இருந்து பாருங்க்கா" என்றான் தம்பி. "புடிக்கலேன்னா வந்துருங்க. நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாத்துக்குவே? போன தடவ வாங்கின அடியிலயா பாதி உம்மேல உழுந்துச்சு?"

"இணைச்சீருக்கு நீங்க வேணுமுங்க்கா. உங்கள உட்டா எனக்கு ஆரு இருக்கறா?"

அதுதான் விஷயம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு முந்தினநாள் சாயங்காலம் இணைச்சீர் வைக்க வேண்டும். மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பட்டுடுத்தி அவன் பக்கத்தில் நிற்பாள். கூறைச் சேலையின் ஒரு தலைப்பு அவன் கையில், மறு தலைப்பு அவள் கையில். அது நடந்தால்தான் மறுநாள் தாலி. எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான், அவனுக்கு நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் என்னை எதற்கும் கேட்கமாட்டார்கள், இணைச்சீருக்கு மட்டும் நான் இல்லாமல் ஆகாது.

பரீட்சையும் அதே நாளில் வந்து விழுந்தது. பத்திலிருந்து ஒரு மணிவரை. இணைச்சீர் ஏழு மணிக்கு மேல். இரண்டையும் செய்யலாம் என்று நான் சொன்னேன். பரீட்சையே வேண்டாம் என்று அவன் சொன்னான். எழுதித் தேறிவிட்டால் நான் அவிநாசி போகமாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் டெலிபோன் கக்கத்துக்குப் போனது.

ஆனால் பாருங்கள், கம்ப்யூட்டரை வெளியுலகத்தோடு சேர்த்துவைக்கிற மோடம் என்ற பெட்டிக்கு டெலிபோன் கருவி தேவையே இல்லை. சுவரிலிருந்து வருகிற வயரைச் செருகினால் போதும். ஒரு வருஷமாகப் பக்கத்து அறையில் அது கீச்சுக்கீச்சென்று கத்துவதைக் கேட்டுத் திட்டியவனுக்கு அது எங்கே செருகியிருக்கிறது என்று தெரியாது. மண்ணெண்ணெய் டின்னை ஒளித்துவைத்துவிட்டு விறகடுப்பு எரியாது என்று நினைத்தவன் கதைதான். காலையிலேயே முகத்துக்கு மஞ்சள் பூசி, தலைக்கு எண்ணெய் வைத்து என்னைத் தயார்படுத்தியிருந்தார்கள். அந்தக் கோலத்திலேயே போய் உட்கார்ந்து வயரைச் செருகினேன். பத்து மணிக்கு மேடம் வினாத்தாளை அனுப்பினார்.

பாதிக்கு மேல் எழுதிவிட்டேன். பன்னிரண்டு மணி வாக்கில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். தம்பி உள்ளே வந்தான். வேட்டி புழுதி, நெற்றியில் வியர்வை, கையில் தறியில் நூல் வெட்டுகிற கத்தரி.

நடந்தது என்னவென்றால், வெற்றிலை பற்றவில்லை என்று அம்மாவிடம் சொல்ல, மண்டபத்துக்கு எதிரே இருந்த பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்திருக்கிறான். வீட்டு டெலிபோன் மண்டபத்தில் இவன் பெட்டிக்குள் இருக்கிறது என்பது கல்யாண அவசரத்தில் மறந்துபோயிற்று. என்கேஜ்டு டோன் வந்திருக்கிறது. மறுபடி செய்திருக்கிறான், மறுபடி அதே டோன். அப்புறம்தான் உறைத்திருக்கிறது. டெலிபோனே இல்லாத வீட்டில் யார் பேசிக்கொண்டிருப்பது?

"ஏனுங்க்கா, சொன்னாக் கேக்கவே மாட்டீங்களா?" என்றான்.

"ஒரு மணி நேரம் பொறு கண்ணு. முடிச்சுப்போட்டு வந்தர்றேன்."

அவன் கத்தரியை விரித்தான். சுவரோரம் குனிந்து வயரை வெட்டினான். திரையில் இணைப்புப் போய்விட்டதென்று ஒரு கட்டம் வந்து நின்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக ஆயிற்று. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்தான். உச்சந்தலை எண்ணெய் கொதிக்கிற மாதிரி இருந்தது.

எழுதினவரைக்கும் ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டேன். செருப்பை மாட்டினேன்.

"எங்க போறீங்க?" என்றான்.

"பரீட்சைக்கு."

"சாயங்காலம் சீரு!"

"அது உனக்கு நெனப்பிருந்தாச் சரி."

அம்மா குறுக்கே வந்தாள். "அம்மணி, மஞ்சப் பூசுன மொகத்தோட வாசல் தாண்டக் கூடாது சாமி."

"இந்த மொகத்துல அடி வாங்கறப்ப எந்தச் சாத்திரமும் வந்து தடுக்குலீங்கம்மா."

அம்மா ஒதுங்கிக்கொண்டாள். அவள் கண்ணைப் பார்க்காமல் இறங்கி நடந்தேன்.

இணைப்புப் போனால் கூப்பிடச் சொல்லி வினாத்தாளின் அடியில் மேடம் இன்னொரு லைனின் நம்பரைக் கொடுத்திருந்தார், பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து அதற்குப் போன் செய்தேன். எடுத்த குரல் சின்னப்பெண்ணின் குரலாக இருந்தது. அம்மாவிடம் கொடு பாப்பா என்று சொல்ல இருந்தேன்.

"யாஸ்மின்தான் பேசறனுங்க" என்றது குரல்.

"மேடம்ங்களா? உங்களுக்கு வயசென்னங்க?"

"இருவத்தி நாலுங்க. ஏனுங்க, லைன் கட்டானதுக்கும் என் வயசுக்கும் என்னங்க சம்பந்தம்?"

பிரம்பும் கண்ணாடியும் அந்த இடத்திலேயே உடைந்தன. அந்தப் பெண் கோயமுத்தூர் கோட்டைமேட்டில்தான் இருக்கிறாள். ஒரு வருஷமாக நான் சென்னை, பெங்களூர் என்று நினைத்துக்கொண்டிருந்த மேடம், ஒரு பஸ் தூரத்தில். நடந்ததைச் சொன்னேன். அச்சச்சோ என்று சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"லைன் கட்டானவங்க மூணு மணிக்குள்ள திரும்பி வந்தா மீதி எழுதலாமுங்க. அப்புறம் வந்தா அடுத்த பேட்ச்தான். ஆறு மாசம் ஆகும்."

"உங்க ஊட்டுக்கே வந்து எழுதிப்போடட்டுங்களா? இங்கிருந்து ஒரே பஸ்தானுங்க."

"நேர்ல எழுதினாச் செல்லாதுங்க. இது ஆன்லைன் பரீட்சை." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள். "சிங்காநல்லூர்ல பஸ் நிக்கற எடத்துக்கு எதுத்தாப்பல ஒரு பிரவுசிங் சென்டர் இருக்குதுங்க. நான் மூணு மணி வரைக்கும் லைன்லயே இருப்பேன். பேசிட்டு நிக்காதீங்க, பஸ்ஸப் புடிங்க."

பிடித்தேன். பஸ்ஸில் எல்லாரும் என் மஞ்சள் முகத்தையும் எண்ணெய் வழிகிற தலையையும் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் ஒருத்தி, "ஊட்டுல என்னங்க விசேஷம்?" என்றாள். "எம் பரீட்சைங்க" என்றேன். அவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள்.

பிரவுசிங் சென்டர்க்காரர் என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கல்யாணத்திலிருந்து ஓடிவந்த பெண் என்று நினைத்திருக்க வேண்டும். "பொண்ணு நான் இல்லீங்க, மாப்ளைக்கு அக்கா. ஒரு கம்ப்யூட்டர் குடுங்க" என்றேன். எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் மேடம் காத்துக்கொண்டிருந்தாள். "வந்துவிட்டீர்களா, எழுதுங்கள்" என்று மட்டும் அடித்தாள்.

ஃப்ளாப்பியில் இருந்ததோடு மீதியையும் எழுதி அனுப்பினேன். மேடம் அதைத் திருத்தி முடித்ததும் வாய்மொழித் தேர்வு. வாய்மொழி என்று பெயரே ஒழிய அதையும் தட்டித்தான் சொல்ல வேண்டும். நாலைந்து கேள்வி சாதாரணமாகப் போயிற்று. கடைசிக் கேள்வி இது. இன்ன தேதிக்குள் சரக்கு கப்பலேறினால்தான் பணம் என்று வெளிநாட்டு வியாபாரியின் வங்கி எழுதிக் கொடுத்திருக்கிறது. தேதி தாண்டப்போகிறது. அந்த வியாபாரியே போன் செய்து, பரவாயில்லை ஏற்றுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். பத்து வருஷப் பழக்கம். ஏற்றுவீர்களா?

"மாட்டேன்" என்று அடித்தேன்.

"ஏன்? நல்ல மனிதர்தானே?"

"நல்ல மனிதராகவே இருக்கட்டும். தேதியை மாற்றியதாக அவருடைய வங்கி முறைப்படி சொல்லட்டும். காதோடு சொன்ன பேச்சுக்கு நான் சரக்கு ஏற்றமாட்டேன்."

லைன் மறுபடி போய்விட்டதோ என்று மேசைக்கடியில் குனிந்து வயரைப் பார்த்தேன். பிறகு எழுத்துகள் வந்தன. "தேறிவிட்டீர்கள். சான்றிதழ் தபாலில் வரும். திங்கட்கிழமை வேலையில் சேரலாம், கம்பெனிக்கு நான் எழுதிவிடுகிறேன். இனி மேடம் வேண்டாம், யாஸ்மின் போதும்."

"சரிங்க மேடம்" என்று அடித்துவிட்டு, அதற்குப்பிறகுதான் அழுதேன். சென்டர்க்காரர் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

மண்டபத்துக்குள் நான் நுழைந்தபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். வாசலில் நின்ற தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே முன்வரிசையில் கிட்டுசாமி, தம்பி வாங்கிக் கொடுத்த வேட்டியில், பக்கத்தில் என் துணிப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து மீசையைத் தடவினார். பெண் வீட்டார் எதிர்வரிசையில். நான் அறைக்குப் போய்ப் பட்டுடுத்திக்கொண்டு வந்து மணையருகே நின்றேன்.

சீரை நடத்திவைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் கூறைச் சேலையை விரித்து ஒரு தலைப்பைத் தம்பியிடம் கொடுத்தார். மறு தலைப்பை என்னிடம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

"புடிங்கம்மணி" என்றார்.

தம்பி என் காதருகே குனிந்தான். "அக்கா, சத்தியமாச் சொல்றனுங்க. ஒரு மாசம். அப்புறம் நானே வந்து கூட்டிட்டு வந்தர்றேன். இப்பப் புடிங்க."

"காதுல சொல்லாத. சபைல சொல்லு."

அவன் முகம் வெளுத்தது. நான் நிமிர்ந்து அருமைக்காரரைப் பார்த்தேன்.

"ஏனுங்க, இந்தச் சீரு எதுக்குங்க வெக்கறது?"

அறுபது கல்யாணத்துக்கு மேல் நடத்தியவர், இப்படி ஒருத்தியும் கேட்டதில்லை போலிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "கூடப்பொறந்தவளுக்குப் பொறந்த ஊட்டுல உரிமை இருக்குதுன்னு, கண்ணாலத்துக்கு முந்தியே ஊரறியச் சொல்றதுக்குங்கம்மணி."

"அப்ப ஊரறியச் சொல்லச் சொல்லுங்க. நாலு வருசமா நான் சூலூர்லதானுங்க இருக்கறேன், அவிநாசில இல்லீங்க. அடி வாங்கறதுக்கு இனியும் அங்க போகமாட்டேன். அந்தப் பொட்டி என்னுது, அது எங்கூட ஊட்டுக்கு வரோணும். இன்னைக்குப் பரீட்சை எழுதித் தேறிப்போட்டேன். திங்கக்கெழமை திருப்பூருக்கு வேலைக்குப் போறேன். இதுக்கெல்லாம் எந்தம்பி சரின்னு சொன்னான்னா இந்தச் சேலையப் புடிக்கறனுங்க."

நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டார். பெண்ணின் அப்பா எழுந்து நின்றார்.

"மாப்ளே, அவிநாசின்னு சொன்னீங்களே?"

தம்பி தரையைப் பார்த்தான். கல்யாணம் நின்றால் ஊர் முழுக்க என்னைத்தான் சொல்லும். சொல்லட்டும் என்று நின்றேன். அப்போது பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. நாலு வருஷத்தில் அவள் என் பக்கம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சொல்லிப்போடு கண்ணு. பொய்யி நீ சொன்னது. புள்ள நான் பெத்தது."

பெண்ணின் அப்பா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முன்வரிசையில் மீசையிலிருந்து கையை எடுத்துவிட்ட கிட்டுசாமியைக் கொஞ்சநேரம் பார்த்தார். "இதையா மறச்சீங்க?" என்று தம்பியிடம் கேட்டுவிட்டு, சீர் நடக்கட்டும் என்று அருமைக்காரருக்குக் கைகாட்டி உட்கார்ந்தார். கிட்டுசாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போனார். யாரும் அவரைச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒருவரை அதற்குமேல் அவமானப்படுத்த முடியாது.

தம்பிக்குக் கண் கலங்கியிருந்தது. சபையைப் பார்த்துக் கைகூப்பினான்.

"அக்கா எங்கியும் போக வேண்டாமுங்க. எங்கூட்டுலயே இருக்கட்டும். காலத்துக்கும் நான் வெச்சுக் காப்பாத்தறனுங்க."

பெண்கள் பக்கத்தில் சிலர் மூக்கைச் சிந்தினார்கள். அருமைக்காரர் நிம்மதியாகத் தலைப்பை மறுபடி நீட்டினார். நான் அப்போதும் வாங்கவில்லை.

"நீ காப்பாத்த வேண்டாம் கண்ணு" என்றேன். "இருக்கட்டும்னு நீ சொல்லாத. இருக்கேன்னு நான் சொல்றேன். நீ சரின்னு மட்டும் சொல்லு."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"சரிங்க்கா" என்றான்.

நான் தலைப்பை வாங்கிக்கொண்டேன்.